தேர்தல் நாளைக் குறியுங்கள்: ஜனாதிபதிக்குக் கிளிநொச்சியிலிருந்து ஒரு திறந்த மடல்

மாண்புமிகு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அவர்களுக்கு,

வணக்கம். எல்லை நிர்ணயம், சட்டச் சிக்கல் என்று மாகாண சபைத் தேர்தல் திரும்பவும் தள்ளிப் போகிறது. அதைக் கேட்ட பிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். தேர்தலை நடத்துங்கள்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடமாகக் கணித ஆசிரியர் இல்லை. சாதாரண தரம் எழுதப் போகிற பிள்ளைகளுக்குச் சித்திர ரீச்சர்தான் தனக்குத் தெரிந்தமட்டில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறா. பெற்றோர் ஆறு பேர் அன்றைய கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி, கடிதத்தோடு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். மேலிடத்தில் கேளுங்கள் என்றார்கள். மேலிடத்தில் கொழும்பைக் காட்டினார்கள். மூன்றாம் முறை போனபோது முதலில் கொடுத்த கடிதத்தையே காணவில்லை. மாகாண சபை இருந்தபோது எல்லாம் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன், நடக்காதவை நிறைய. ஆனாலும் வோட்டுக் கேட்டு வந்தவரின் வீட்டு வாசலில் போய் நின்று "ஏன்?" என்று கேட்க முடிந்தது. 2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் காலம் முடிந்தது. அன்றிலிருந்து எங்களுக்கு அந்த வாசல் இல்லை.

உங்களுக்கு முந்திய காலம் உங்கள் கையைக் கட்டியிருப்பது எங்களுக்கும் தெரியும். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு வந்த கடன் உடன்பாடு உங்களுடையதல்ல. அரசின் வரவு செலவில், வட்டியை விட்டுப் பார்த்தால், நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.3 வீதம் மிச்சம் காட்டியே ஆக வேண்டும் என்றால், நினைத்தபடி சம்பளம் கூட்டவோ வரி குறைக்கவோ முடியாதுதான். முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா அம்மையாருக்கும் இதே நிலைதான் வந்தது. பதினேழு வருட ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சிக்குப் பின் 1994இல் 62 வீத வாக்கோடு வந்தும், அக்கட்சியின் ஜே.ஆர். ஜெயவர்தன திறந்துவிட்ட சந்தையோடுதான் அவர் போக வேண்டியிருந்தது. ஜே.ஆரின் 1978 அரசியல் யாப்பை மாற்றப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு அவரிடம் இருக்கவில்லை. 2000 ஓகஸ்டில் மாகாணங்களுக்கு அதிகாரம் பகிரும் புதிய யாப்பு என்று அவர் கொண்டுவந்த வரைவை எதிர்க்கட்சியினர் பாராளுமன்றத்துக்குள்ளேயே கொளுத்தினார்கள். அதிகாரப் பகிர்வும் அதோடு போயிற்று.

ஐயா, அவரிடம் இல்லாதது உங்களிடம் இருக்கிறது. பாராளுமன்றத்தின் 225இல் 159 ஆசனம். அதில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் தந்த மூன்றில் எங்கள் கிளிநொச்சி வாக்கும் சேர்ந்திருக்கிறது. தேர்தல் வைக்காதே என்று நாணய நிதியம் சொல்லவில்லை. குறுக்கே நிற்பது மாகாண சபைத் தேர்தல் சட்டத்தில் 2017இல் செய்த ஒரு திருத்தம். பழைய விகிதாசார முறையை மாற்றி, தொகுதிகளுக்கு எல்லை பிரிக்கச் சொன்னது அது. அதன்படி வந்த எல்லை நிர்ணய அறிக்கையை மறுவருடம் பாராளுமன்றமே தோற்கடித்தது. பழைய விகிதாசார முறையிலேயே நடத்தலாம் என்று நீங்கள் ஒரு சட்டமூலம் கொண்டுவந்தால் தடுக்க யார் இருக்கிறார்கள்?

1987இல் மாகாண சபையை எதிர்த்தது உங்கள் கட்சியான ஜே.வி.பி. வடக்கையும் கிழக்கையும் பிரிக்க வழக்குப் போட்டு 2006இல் வென்றதும் உங்கள் கட்சி. அதை மறந்துவிட்டு நாங்கள் உங்கள் திசைகாட்டிச் சின்னத்துக்குப் புள்ளடி போடவில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம், ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்றீர்கள். எத்தனை பேர் வாயால் கேட்ட வாக்குறுதிகள் இவை! கோபம் வருகிறது, மன்னியுங்கள். அவற்றைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மாகாண சபைத் தேர்தல் ஒரு வருடத்துக்குள் என்று உங்கள் கொள்கைப் பிரகடனமே சொன்னது. உள்ளூராட்சித் தேர்தலை 2025 மே மாதம் நடத்திக் காட்டினீர்கள். இதையும் நடத்தலாம். தயவுசெய்து நாளைக் குறித்து அறிவியுங்கள். எங்கள் நான்காவது கடிதத்தை யாரிடம் கொடுப்பது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

பணிவுடன்,
கிளிநொச்சியிலிருந்து ஒரு தாய்