ரஞ்சிக் கோப்பை எப்போது திரும்ப வரும்? தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு கிரிக்கெட் சங்க நிர்வாகிகளுக்கும், தேர்வுக் குழுவினருக்கும், மாநில அணியின் பயிற்சியாளர்களுக்கும் வணக்கம்.

1988இல் சேப்பாக்கத்தில் ரயில்வேஸ் அணியை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் தோற்கடித்து, வாசுதேவன் தலைமையிலான தமிழ்நாடு அணி, மாநில அணிகள் மோதும் பலநாள் கிரிக்கெட் தொடரான ரஞ்சிக் கோப்பையை வாங்கியது. அதற்குப் பிறகு அந்தக் கோப்பை இந்த ஊருக்கு வரவே இல்லை. அதற்கு முந்தைய வெற்றி 1955இல், மதராஸ் என்ற பெயரில் ஆடியபோது, இந்தூரில் ஹோல்கர் அணிக்கு எதிராகக் கிடைத்தது. தொடர் தொடங்கி 90 ஆண்டுகள் தாண்டிவிட்டன. நம் கணக்கில் இருப்பது இந்த இரண்டுதான்.

தோல்வி வருத்தம் தருகிறது, உண்மைதான். அதைவிட எனக்கு வருத்தம் தருவது, இப்படி ஒரு காத்திருப்பு நடந்துகொண்டிருப்பதே நம் நகரத்துக்குத் தெரியவில்லை என்பது. சென்னையில் யாரை நிறுத்திக் கேட்டாலும் சூப்பர் கிங்ஸ் வாங்கிய ஐந்து கோப்பைகளையும் ஆண்டோடு சொல்வார்கள்: 2010, 2011, 2018, 2021, 2023. அந்த மகிழ்ச்சியில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அதே ஆளிடம் தமிழ்நாடு கடைசியாக எப்போது ரஞ்சி வென்றது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. மஞ்சள் சட்டை தந்த நிறைவில், மாநில அணியின் நீண்ட ஏக்கம் யார் கண்ணிலும் படாமல் போய்விட்டது.

உலகத்தில் வேறு நகரங்கள் இதைவிட அதிக காலம் காத்திருந்திருக்கின்றன. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணி 1918இல் பட்டம் வென்றது. அடுத்த பட்டம் 2004இல்தான், 86 ஆண்டுகள் கழித்து. சிகாகோ கப்ஸ் அணிக்கு 1908க்கும் 2016க்கும் இடையே 108 ஆண்டுகள். கப்ஸ் கடைசியில் வென்றபோது ரசிகர்கள் ரிக்லி ஃபீல்டு மைதானத்தின் வெளிச்சுவரில் சாக்பீஸால் பெயர்களை எழுதினார்கள். எழுதியதில் பல, இந்த நாளைப் பார்க்காமலே இறந்துபோன அப்பாக்கள், தாத்தாக்கள், பாட்டிகளின் பெயர்கள். தலைமுறை தலைமுறையாக ஒரு ஊர் ஒரே ஏக்கத்தை வீட்டுக்குள் பேசிப் பேசி வளர்த்திருந்தால்தான் அப்படி ஒரு சுவர் உருவாகும்.

அந்த இரண்டு காத்திருப்பும் முடிந்ததில் ஒரே மனிதருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. தியோ எப்ஸ்டீன் என்ற நிர்வாகி பாஸ்டனில் 2004இல் அதைச் செய்தார். 2011இல் சிகாகோவுக்குப் போனார். அங்கே அவர் பழைய அணியைக் கலைத்து, இளம் வீரர்களை வைத்து அடியிலிருந்து கட்டப்போவதை மறைக்கவில்லை. 2012இல் அணி 101 ஆட்டங்களில் தோற்றது. ஆனாலும் எதற்காகத் தோற்கிறோம், எங்கே போகிறோம் என்பது ரசிகர்களுக்குத் தெரிந்திருந்தது. நான்கு ஆண்டுகளில் பட்டம் வந்தது. நான் உங்களிடம் கேட்க நினைப்பதில் பாதி இதில் அடங்கிவிடுகிறது.

நம் நாட்டிலும் இதற்கு உதாரணங்கள் இருக்கின்றன. வங்காளம் 1938-39இல் வென்றுவிட்டு, அடுத்த கோப்பைக்காக 1989-90 வரை காத்திருந்தது. அதன் பிறகு இன்றுவரை அவர்கள் வென்றதாக இல்லை. 2019-20, 2022-23 இரண்டு இறுதி ஆட்டங்களிலும் சௌராஷ்டிராவிடம் தோற்றார்கள், இரண்டாவது தோல்வி ஈடன் கார்டன்ஸிலேயே. மத்தியப் பிரதேசத்தின் கதை வேறு மாதிரி. 1999இல் சந்திரகாந்த் பண்டிட் தலைமையில் பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் இறுதி ஆட்டத்தைக் கோட்டைவிட்டார்கள். 2022இல் அதே பண்டிட் பயிற்சியாளராக இருந்து, அதே மைதானத்தில் மும்பையை வென்று மாநிலத்துக்கு முதல் ரஞ்சிக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். இடையில் அவருடைய பயிற்சியில் விதர்பா 2017-18, 2018-19 என்று அடுத்தடுத்து இரண்டு முறை வென்றது. பெரிய நட்சத்திரக் கூட்டம் எதுவும் இல்லாத அணிகள் இவை. நம்மைவிட அவர்களிடம் திறமை கூடுதல் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

இந்தத் தொடர் பிறந்த இடமே நம் சேப்பாக்கம் அல்லவா. 1934 நவம்பர் 4 அன்று, ரஞ்சித் தொடரின் முதல் ஆட்டமே இங்கேதான் நடந்தது. மதராஸும் மைசூரும் ஆடின. மைசூர் 48, 59, மதராஸ் 130. ஒரே நாளில் ஆட்டம் முடிந்தது. ஏ.ஜி. ராம் சிங் 11 விக்கெட் எடுத்தார். 1955இல் நமக்கு முதல் கோப்பை கிடைத்தபோது அந்த அணியின் தூணாக நின்றவர் அவருடைய மகன் கிருபால் சிங். இவ்வளவு பழைய உறவு உள்ள ஒரு மைதானத்தில் ரஞ்சி ஆட்டம் நடக்கும்போது, வாலாஜா சாலையில் நடந்து போகிறவருக்கு உள்ளே ஆட்டம் நடப்பதே தெரிவதில்லை.

1988க்குப் பிறகு நாம் ஆறு இறுதி ஆட்டங்களில் தோற்றிருக்கிறோம். 1991-92இல் டெல்லி. 1995-96இல் கர்நாடகம், அதுவும் சேப்பாக்கத்தில், முதல் இன்னிங்ஸ் முன்னிலையில் (ஆட்டம் டிராவில் முடிந்தால் முதல் இன்னிங்ஸில் கூடுதல் ரன் எடுத்த அணிக்கே கோப்பை). 2002-03இல் மும்பை, 2003-04இல் மறுபடியும் மும்பை. 2011-12இல் ராஜஸ்தான் சேப்பாக்கத்துக்கு வந்து 621 ரன் குவித்தது. வினீத் சக்ஸேனா 257 அடித்தார். பந்து எழும்பவும் இல்லை, திரும்பவும் இல்லை. நாம் 295. அந்த ஐந்து நாளும் ஒரு அணி மெதுவாக நம் கையிலிருந்து கோப்பையை எடுத்துக்கொண்டு போவதைப் பார்க்க வேண்டியிருந்தது.

பிறகு 2015 மார்ச், மும்பை வான்கடே மைதானத்தில் கர்நாடகத்துடன் இறுதி ஆட்டம். முதல் நாளிலேயே 134க்குச் சுருண்டோம். வினய் குமார் ஐந்து விக்கெட். கர்நாடகம் 762 அடித்தது, கருண் நாயர் மட்டும் 328. இன்னிங்ஸ், 217 ரன் தோல்வி. அந்த ஆண்டுகளில் சென்னை ரசிகர்கள் பெங்களூரு ரசிகர்களை ஐபிஎல் கோப்பை இல்லாதவர்கள் என்று கேலி செய்துகொண்டிருந்தார்கள். அதே காலத்தில் கர்நாடகம் ரஞ்சியை 2013-14, 2014-15 என்று தொடர்ந்து வென்றது. பெங்களூருவின் ஐபிஎல் ஏக்கமும் 2025இல் தீர்ந்துவிட்டது. நம்முடையது அப்படியே இருக்கிறது. 2024-25 காலிறுதியில் நாக்பூரில் விதர்பாவிடம் 198 ரன் வித்தியாசத்தில் தோற்றோம். அங்கே விதர்பாவுக்காக 122 அடித்தவர் யார் தெரியுமா, அதே கருண் நாயர்.

இதற்கு நடுவில் ஒரு தோல்வியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். 2024 மார்ச், மும்பையில் அரையிறுதி. அந்த சீசன் முழுக்க நம் அணி அருமையாக ஆடியிருந்தது. கேப்டன் சாய் கிஷோர் அந்தத் தொடரில் 53 விக்கெட் எடுத்தார். கோவையில் சௌராஷ்டிராவை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் அடித்துவிட்டு மும்பைக்குப் போனோம். புல் படர்ந்த, வேகப்பந்துக்கு உதவும் ஆடுகளம். டாஸ் நமக்கு விழுந்தது. பேட்டிங் எடுத்தோம். 146க்கு ஆல் அவுட். அப்புறமும் சாய் கிஷோர் விடவில்லை. மும்பை 106க்கு ஏழு விக்கெட் இழந்து நின்றது. ஆட்டம் நம் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்த நேரத்தில் ஷார்துல் தாக்கூர் 109, தனுஷ் கோட்டியன் ஆட்டமிழக்காமல் 89. மும்பை 378. நாம் இரண்டாவது இன்னிங்ஸில் 162. மூன்று நாளுக்குள் எல்லாம் முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. முதல் நாள் காலை ஒன்பது மணிக்கே ஆட்டத்தைத் தோற்றுவிட்டோம் என்று பயிற்சியாளர் வெளிப்படையாகப் பேசினார். டாஸ் முடிவு கேப்டனுடையது என்ற பொருளில் அது பரவியது. பயிற்சியாளர் கேப்டனைக் கைவிட்டுவிட்டார் என்று தினேஷ் கார்த்திக் பொதுவெளியில் கண்டித்தார். ஆனால் ரசிகர்களாகிய எங்களுக்கு வேண்டியிருந்தது வேறு. 2015இல் வான்கடேயில் 134, 2024இல் அதே நகரத்தில் 146. ஒன்பது ஆண்டு இடைவெளியில் ஒரே மாதிரி ஏன் முதல் நாளே நொறுங்கினோம்? யார் டாஸில் என்ன சொன்னார் என்பதைவிடப் பெரிய கேள்வி இது.

எனக்குப் புரிந்தவரை, நம் பேட்ஸ்மேன்கள் வேகப்பந்து தரையில் பட்டு விலகும் (சீம் ஆகும்) ஆடுகளத்தில் போதுமான அளவு ஆடுவதில்லை. சுழலுக்கு ஏற்ற மண்ணில் வளர்கிறோம், சுழலை நம்பியே அணியையும் கட்டுகிறோம். அதுவும் எப்போதும் காப்பாற்றியதில்லை. 1973 இறுதி ஆட்டத்தில் சேப்பாக்கத்தில் பந்து சுழலும் ஆடுகளத்தில் பம்பாயை 151, 113 என்று நாம் சுருட்டினோம். ஆனால் பம்பாயின் சுழற்பந்து வீச்சாளர் ஷிவால்கர் நம்மை 80, 61 என்று சுருட்டிவிட்டார். மூன்றாம் நாள் முதல் பந்திலேயே ஆட்டம் முடிந்தது. இத்தனைக்கும் 1987 முதல் எம்ஆர்எஃப் வேகப்பந்துப் பயிற்சி மையம் சென்னையில்தான் இயங்குகிறது. நாடெங்கும் உள்ள பந்துவீச்சாளர்கள் இங்கே வந்து கற்றுக்கொண்டு போகிறார்கள்.

ஆகவே என் முதல் வேண்டுகோள்: சங்கம் நடத்தும் நம் லீகில், குறைந்தபட்சம் முதல் டிவிஷனில், பலநாள் ஆட்டங்களுக்குப் புல் விட்ட ஆடுகளங்களையும் தயார் செய்யுங்கள். சேலம், கோவை, நத்தம் மைதானங்கள் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு தன்மையில் இருக்கட்டும். சின்னப்பம்பட்டியிலிருந்து ஒரு நடராஜன் வந்த மாநிலத்தில் வேகப்பந்து வீச ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

டிஎன்பிஎல் எனப்படும் நம் மாநில டி20 தொடர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதனால் வந்த நன்மைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. மாநில அணிகளுக்கான சையது முஷ்டாக் அலி டி20 கோப்பையை 2020-21, 2021-22 இரண்டு ஆண்டும் வென்றோம். இரண்டாவது முறை இறுதி ஆட்டத்தின் கடைசிப் பந்தில் நம் ஷாருக் கான் அடித்த சிக்ஸரை யார் மறக்க முடியும். ஒருநாள் ஆட்டத்துக்கான விஜய் ஹசாரே கோப்பையையும், ஒருமுறை பகிர்ந்துகொண்டதைச் சேர்த்து, ஐந்து முறை வாங்கியிருக்கிறோம். திறமை இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? நாலு நாள் ஆட்டத்துக்கும் அதே கவனம், அதே பணம், அதே விளம்பரம் கிடைக்கட்டும் என்கிறேன்.

இன்னொன்று. பத்ரிநாத் முதல்தரக் கிரிக்கெட்டில் 10,000 ரன்னுக்கு மேல் எடுத்தார். ஸ்ரீதரன் சரத் நூற்றுக்கும் மேற்பட்ட ரஞ்சி ஆட்டங்களில் ஆடினார். பாலாஜி, தினேஷ் கார்த்திக், முரளி விஜய், அஸ்வின், எல்லோரும் இந்தச் சட்டையைப் போட்டவர்கள். ஒருவர் கையிலும் தமிழ்நாட்டுக்காக வென்ற ரஞ்சிக் கோப்பை இல்லை. இவர்களை ஒரே அறையில் உட்காரவைத்து, எங்கே தவறியது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் தொகுத்து வெளியிடுங்கள். ஐந்து ஆண்டுத் திட்டம் ஒன்றை அறிவியுங்கள். அந்த ஐந்தில் இரண்டு ஆண்டு தோற்றாலும் நாங்கள் பொறுத்துக்கொள்வோம். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் புதிதாகத் தொடங்குவதுதான் பொறுக்க முடியவில்லை.

கடைசியாக, நகரத்தை உள்ளே கூப்பிடுங்கள். 1999இல் சச்சின் 136 அடித்தும் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றபோது, எழுந்து நின்று எதிரணிக்குக் கைதட்டிய கூட்டம் இது. ஆட்டம் தெரிந்த கூட்டம் என்று உலகமே சொல்கிறது. அந்தக் கூட்டத்துக்கு ரஞ்சி ஆட்டம் எந்தத் தேதியில், எந்த ஊரில் என்று யாரும் சொல்வதில்லை. அட்டவணை வந்த அன்றே சேப்பாக்கம் ரயில் நிலையத்திலும் திருவல்லிக்கேணித் தெருக்களிலும் பேருந்து நிறுத்தங்களிலும் தமிழில் சுவரொட்டி ஒட்டுங்கள். கோவையிலும் சேலத்திலும் அப்படியே. அனுமதி இலவசம் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். பள்ளிப் பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக வரவழையுங்கள். தண்ணீரும் நிழலும் இருந்தால் போதும். ஒரு காலத்தில் அப்துல் ஜப்பாரும் ராமமூர்த்தியும் வானொலியில் தமிழில் சொல்லிச் சொல்லி வீடுகளுக்குள் கிரிக்கெட்டைக் கொண்டுவந்தார்கள். இன்று ஒரு கைபேசி இருந்தாலே ரஞ்சி ஆட்டத்துக்கு நேரடித் தமிழ் வர்ணனை கொடுத்துவிடலாம். அதைச் சங்கமே செய்யட்டும்.

அடுத்த சீசனுக்கு முன் உங்கள் திட்டத்தை எழுத்தில் எதிர்பார்க்கிறோம். முதல் ஆட்டத்தின் முதல் நாள் காலை, டாஸ் போடுவதற்கு முன்னாலேயே நாங்கள் கேலரியில் இருப்போம்.

அன்புடன்,
திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு தமிழ்நாடு அணி ரசிகன்