பம்பை இறக்குவதற்கு முன்னால்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்பதை ஒரு வரியில் முடித்துவிட்டு, மிச்சமெல்லாம் டிராக்டர் புராணம். நீ மாறவே இல்லை. இங்கே எல்லாரும் சௌக்கியம். சரி, உன் வண்டிக்கு வருகிறேன்.

காலையில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகிறது, அரைமணி ஓடியதும் திணறி நின்றுவிடுகிறது, கொஞ்சம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. இதற்காகவா டீசல் பம்பை இறக்கச் சொல்கிறார்கள்? தேய்ந்த பம்பும் சூட்டில் தகராறு செய்யும்தான். ஆனால் சந்தேகத்தை அதில் தொடங்காதே, டேங்கிலிருந்து தொடங்கு.

அடுத்த முறை நின்றதும் டேங்க் மூடியைத் திற. உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் ஆள் பிடிபட்டான். மூடியில் காற்றுக்கென்று இருக்கும் சின்னத் துளை, தூசியும் டீசலும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். டீசல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி, கடைசியில் வருவதே நின்றுவிடும். ஆறவிடும்போது காற்று மெல்லக் கசிந்து உள்ளே போவதால்தான் மறுபடி ஓடுகிறது. மூடியைக் கழுவி ஊதிவிட்டால் வேலை முடிந்தது.

அது இல்லையென்றால் டேங்க் அடியில் வண்டல் சேர்ந்து வாயை அடைக்கிறதா பார். ஃபில்டருக்குக் கீழே கிண்ணம் இருந்தால் அதில் தண்ணீர் நிற்கும். டீசலுக்கு அடியில் தனியாகக் கோடு கட்டினாற்போல் தெரியும். அதை வடித்துவிட்டு ஃபில்டரை மாற்று. கழுவி மறுபடி போடும் சிக்கனம் மட்டும் வேண்டாம், அந்தக் காசைப் பம்பும், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலும் வட்டியோடு வசூலித்துவிடும்.

மாற்றியதும் ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் பாதையில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்குரூவை லேசாகத் தளர்த்திக் கைப்பம்பை அடி. முதலில் நுரை நுரையாக வரும், அப்புறம் குமிழி விட்டுவிட்டு வரும், கடைசியில் குமிழியே இல்லாமல் வழியும். வழிந்துகொண்டிருக்கும்போதே இறுக்கிவிடு. பிறகு பம்பில் இருக்கும் ஸ்குரூவிலும் இதே வேலை. அதற்கப்புறமும் பிடிக்கவில்லையென்றால் நாசில் குழாய் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி இன்ஜினைச் சுற்று. அப்போது அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோகாதே. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல்தான் தெரியும், உள்ளே சதை அழுகிப் போகும். பட்டுவிட்டால் மருந்து தடவிக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

ஏர் கிளீனர் எண்ணெய்க் கிண்ணம் உள்ள வகைதானே? கோட்டுக்கு மேல் ஊற்றாதே, இன்ஜின் அதையும் உறிஞ்சி எரித்துக்கொண்டு தறிகெட்டு ஓடும். குறைந்தாலும் ஆபத்து, தூசி நேரே உள்ளே போகும்.

பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். எனக்கு இப்போதைக்கு விருப்பமில்லை. முதலில் அழுக்கும் கிரீஸும் போகக் கழுவி, ஒரு மாதம் ஓட்டு. எங்கே எண்ணெய் கசிகிறது என்று அப்போதுதான் தெரியும். அடித்தே தீருவேன் என்றால் கிரீஸ் ஏற்றும் முனைகளான நிப்பிள்களையாவது மூடி வை. என் வண்டியில் முன்பு யாரோ நிப்பிள்கள் மேலேயே அடித்த பெயின்ட்டைக் குத்தூசியால் சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மூடியைத் திறந்து பார்த்ததும் எழுது. பம்பில் அதுவரை யாரையும் கை வைக்க விடாதே.

அன்புடன்,
ராமலிங்கம்