துணை கிடைக்காத 7

அன்புள்ள மல்லிகா,

பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை, திட்டிக்கொண்டுதான் இருப்பாய். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் மூட்டுவலிதான் விட்டபாடில்லை. பேத்திக்குப் பல் முளைத்ததா?

விஷயத்துக்கு வருகிறேன். கொடுங்கையூரில் எங்களுக்குப் பால் ஊற்றும் அண்ணன் கொல்லையில் கம்பு-நேப்பியர் போட்டிருக்கிறார், கம்பையும் நேப்பியர் புல்லையும் கலந்து உண்டாக்கிய மாட்டுத் தீவனப்புல். ஆளை மறைக்கும் உயரம். "இவ்ளோ கதிர் வுடுது, ஒரு மணிகூடப் புடிக்கலயே டீச்சர்" என்றார். கசக்கிப் பார்த்தேன், வெறும் உமி.

சும்மா இருப்பேனா? இளங்கதிரை ஆல்கஹால் 3, அசிட்டிக் அமிலம் 1 என்று கலந்து ஊறப்போட்டு, நம் கல்லூரி லேபுக்கே தூக்கிக்கொண்டு போனேன். மகரந்தப்பையை அசிட்டோகார்மைன் சாயத்தில் நசுக்கி, மேலே மூடிய கண்ணாடிச் சில்லான கவர்சிலிப்பைக் கட்டைவிரலால் அழுத்தி... மல்லி, நீ பக்கத்தில் இல்லையே என்றிருந்தது! கம்புக்கு 14 குரோமோசோம், நேப்பியருக்கு 28. பாதிப்பாதி சேர்ந்து பிள்ளைக்கு 21. கம்பு தந்த ஏழும், நேப்பியர் தந்த 14-ல் தன் சாயலுள்ள 7-ஐப் பிடித்து ஜோடி சேர்ந்துகொள்கிறது. மிச்சம் 7, பந்தியில் இலை கிடைக்காதவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் நிற்கிறது. செல் பிரியும்போதும் சில நடுவிலேயே தங்கிவிடுகின்றன. மகரந்தம் சூம்பிப்போகாமல் என்ன செய்யும்? குரோமோசோமை இரட்டிப்பாக்கும் கோல்ச்சிசின் மருந்து வைத்து 42 ஆக்கினால் மலடு ஓரளவு நீங்கும். அது கொல்லையில் நடக்கிற வேலையா?

அண்ணனுக்கு மணி வேண்டாம், தழை போதும். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. விதை இல்லாததால் கரணை வெட்டித்தான் நட வேண்டும். இவரிடம் வெட்டியதைத்தான் மாதவரம், புழல் வரை கொண்டுபோய் நட்டிருக்கிறார்கள். அத்தனையும் ஒரே செடி! 1965-ல் பயிர் விஞ்ஞானி அத்வால் லூதியானாவில் கொண்டுவந்த எச்.பி.1 ஒட்டுக் கம்பு நினைவிருக்கிறதா? என்ன விளைச்சல்! அதற்குப் பின் வந்த ஒட்டுக் கம்புகளுக்கும் அமெரிக்காவிலிருந்து வந்த அதே டிஃப்ட் 23ஏ என்ற கம்பு வகைதான் தாய். எழுபதுகளில் அடிச்சாம்பல் நோய் வந்து வயல் வயலாக வாரிக்கொண்டு போனது. அது விதைப்பயிர், வேறு தாயைத் தேடிப் பிடித்தார்கள். இந்தப் புல்லுக்கு ஒன்று வந்தால், மாட்டை வைத்துப் பிழைக்கிறவர்கள் தழைக்கு எங்கே போவார்கள்?

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு நீ சும்மா இருக்கலாமா? வேளாண் பல்கலைக்கழகத்தில் கேட்டு, வேறு வேறு ரகத்தில் பத்துப் பத்துக் கரணை வாங்கி ஈரச்சாக்கில் சுற்றி எடுத்து வா. எந்தச் சாக்கில் எந்த ரகம் என்று எழுதிக் கட்டு, செடியை உலர்த்தி ஒட்டும் உன் ஹெர்பேரியம் ஷீட் மாதிரி மொட்டையாக விட்டுவிடாதே. வேலியோரம் இடம் ஒதுக்கித் தருவதாக அண்ணன் சொல்லிவிட்டார்.

உன்,
வசந்தா