இரவு எட்டு மணிக்குப் பிறகு: தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்துவிட்டது. புத்தகம், நோட்டு, சீருடை எல்லாம் பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டன. அவர்கள் தூக்கம் மட்டும் இன்னும் விடுமுறையிலேயே இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

காலை முதல் பாடவேளையில் மூன்றாம் வகுப்புப் பக்கம் போனால் தெரியும். கரும்பலகையைப் பார்த்து எழுதும் பிள்ளையின் எழுத்து, முதல் இரண்டு வரி கோட்டின் மேல் ஒழுங்காக நிற்கும். மூன்றாவது வரியில் சரியும். அப்புறம் பென்சில் கோட்டை விட்டு இறங்கி, ஓரத்தில் போய் ஒரு கிறுக்கலாக நின்றுவிடும். தலை நோட்டின் மேல் கவிழ்ந்திருக்கும். எழுப்பிக் கேட்டால், "ராத்திரி பதினோரு மணிக்குத்தான் படுத்தோம் டீச்சர்" என்கிறது. எழ முடியாமல் கடைசி நேரத்தில் ஓடிவரும் பிள்ளைகள், பள்ளியில் தரும் காலை உணவையும் தவறவிடுகிறார்கள். வெறும் வயிறும் அரைத்தூக்கமுமாக உட்காரும் பிள்ளைக்கு எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் ஏறாது. அப்படிப்பட்ட பிள்ளையை மக்கு என்று வீட்டிலோ பள்ளியிலோ யாரும் சொல்லிவிடக் கூடாது. முதலில் அது வயிறாரச் சாப்பிட்டு, கண்ணாரத் தூங்கட்டும்.

6 முதல் 12 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் பரிந்துரைத்தது. நம் வீட்டுக் கணக்குக்கு இதைக் கொண்டுவாருங்கள். காலை 6 மணிக்கு எழ வேண்டிய ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, குறைந்தபட்சக் கணக்குப்படியே இரவு 9 மணிக்குத் தூங்கிப்போயிருக்க வேண்டும். பாயில் புரண்டுகொண்டிருக்கும் நேரம் கணக்கில் வராது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு எட்டு, எட்டரைதான் சரியான நேரம்.

"படுன்னு சொன்னா படுக்கவே மாட்டேங்குறான், நான் என்ன டீச்சர் பண்றது?" என்று பல அம்மாக்கள் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. படு என்று அதட்டினால் பிள்ளை படுக்கும், தூக்கம் வராது. வேகமாக வரும் பஸ்ஸை ஒரே மிதியில் நிறுத்த முடியாதது போல, டிவி முன்னால் குதித்துக்கொண்டிருந்த பிள்ளையை அடுத்த நிமிடமே தூங்கவைக்க யாராலும் முடியாது. படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது வேலை செய்யும் விதத்தைப் பழ ஈக்களை வைத்துக் கண்டறிந்ததற்காகத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கடிகாரத்துக்கு வெளிச்சம்தான் நேரம் சொல்கிறது. பொழுது சாய்ந்து இருட்டத் தொடங்கினால் மூளை மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. உடம்பு தூக்கத்துக்குத் தயாராகிறது. கண்ணுக்குப் பக்கத்தில் செல்போனைப் பிடித்துக்கொண்டிருந்தால் இன்னும் பொழுது சாயவில்லை என்று மூளை நினைத்துக்கொள்கிறது. பிள்ளை முரண்டு பிடிப்பதாக நாம் திட்டுகிறோம். அதன் உடம்புக்கு உண்மையிலேயே இன்னும் ராத்திரி ஆகவில்லை.

அதனால் எட்டு மணிக்கு டிவியும் போனும் அணையட்டும். சீரியல் பாதியில் நிற்கும், தெரியும். ஆனாலும் பிள்ளை தூங்கும்வரை அந்தத் திரை இருட்டாக இருக்கத்தான் வேண்டும். நம் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு வீடு என்பது ஒரே அறை. சமையல், படிப்பு, படுக்கை எல்லாம் அங்கேதான். பிள்ளைக்குத் தனி அறை கொடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. குழல் விளக்கை அணைத்துவிட்டு ஒரு ஜீரோ வாட் பல்பு போதும். பாத்திரம் தேய்க்க வெளிச்சம் வேண்டுமென்றால் நடுவில் ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டுங்கள். பிள்ளையின் பாய் தினமும் அதே சுவர் ஓரம் விரிக்கப்படட்டும்.

இதற்கு முன்னால், ஏழு, ஏழரைக்குள் சாப்பாடு முடியட்டும். இந்தக் கடலோரப் புழுக்கத்தில் உடம்பெல்லாம் வேர்வைப் பிசுக்கோடு எந்தப் பிள்ளையும் தூங்காது. இளஞ்சூட்டில் தண்ணீர் ஊற்றிவிட்டால், குளித்து முடித்ததும் உடம்புச் சூடு மெல்லத் தணியும். அந்தத் தணிவே தூக்கத்தை அழைத்து வரும். பிறகு பல் தேய்ப்பது, ஒன்றுக்குப் போய்விட்டு வருவது, நாளைக்குப் பையை எடுத்துவைப்பது, பாயில் படுத்துக் கதை கேட்பது. எது முன், எது பின் என்பது உங்கள் வசதி. ஆனால் தினமும் ஒரே வரிசையில் நடக்கட்டும். கொஞ்ச நாளில் பல் தேய்க்கும்போதே கொட்டாவி வந்துவிடும்.

கதை சொல்ல ஆயா (பாட்டி) இருக்கும் வீடு கொடுத்துவைத்த வீடு. ஆயா இல்லாவிட்டால் அம்மாவோ அப்பாவோ சொல்லுங்கள். பள்ளி நூலகத்திலிருந்து படக்கதைப் புத்தகம் தந்தனுப்புகிறோம். ஒன்றே ஒன்று: "பூச்சாண்டி வரான், கண்ண மூடு" என்று மட்டும் வேண்டாம். பயந்து கண்ணை மூடும் பிள்ளைக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். மார்க் என்ன ஆச்சு, வாய்ப்பாடு ஏன் தப்பாச்சு என்ற விசாரணையும் அந்த நேரத்தில் வேண்டாம். சாயங்காலம் படித்ததை மூளை பதியவைத்துக்கொள்வதே தூக்கத்தில்தான். அழுதுகொண்டே படுக்கும் பிள்ளைக்கு அந்தத் தூக்கமே தள்ளிப்போகிறது.

மாலை ஆறு மணிக்கு மேல் பிள்ளைகளுக்கு டீ, காப்பி, கோலா கொடுக்காதீர்கள். அதிலுள்ள காஃபீனில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம்போல ஆகும். பால் கொடுக்கலாம். கொசுவுக்கு மூடிய அறையில் சுருள் ஏற்றிவைத்தால் அந்தப் புகை பிள்ளையின் நெஞ்சுக்குத்தான் போகும், கொசுவலை கட்டுங்கள்.

எல்லா வீட்டு நேரமும் ஒன்றுபோல இல்லை என்பது எனக்குத் தெரியும். ஜூன் 14ஆம் தேதியோடு விசைப்படகுகளின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. அப்பா கடலுக்குக் கிளம்பும் வீட்டில் விடிவதற்கு முன்பே விளக்கு எரியும், பேச்சுச் சத்தம் கேட்கும். வலை, சாப்பாட்டுத் தூக்கு எல்லாவற்றையும் முந்தின இரவே வாசலில் எடுத்துவைத்துவிட்டால் பிள்ளை விழிக்காது. சிப்காட் தொழிற்பேட்டையில் இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பாக்களிடமும் ஒரு வேண்டுகோள். நாள் முழுக்கப் பிள்ளை முகம் பார்க்காமல் வருகிறீர்கள், எழுப்பிக் கொஞ்சத் தோன்றும். தலையைத் தடவிவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். காலையில் நீங்களே எழுப்பி, தலைவாரி, பள்ளிவரை கொண்டுவந்து விடுங்கள். அம்மா ஷிஃப்டுக்குப் போகும் வீட்டில் பார்த்துக்கொள்கிற தாத்தாவுக்கும் ஆயாவுக்கும் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள்.

ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பதரை ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்த வயதில் உடம்புக் கடிகாரமே கொஞ்சம் தள்ளி ஓடும். அவர்களுக்கு அரை மணி நேரம் விட்டுக்கொடுக்கலாம். போனை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இரவில் எல்லோருடைய போனும் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் இருக்கட்டும், உங்களுடையதும் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமை எழுவதும் மற்ற நாளைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகக் கூடாது. போனால் திங்கட்கிழமை எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

பிள்ளை தினமும் பலமாகக் குறட்டை விட்டாலோ, வாயைத் திறந்தபடி தூங்கினாலோ, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தாலோ தாமதிக்காதீர்கள். டான்சிலோ, மூக்குக்குப் பின்னாலுள்ள அடினாய்டு சதையோ வீங்கியிருக்கலாம். அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். தூங்கவைப்பதற்காக இருமல் மருந்து கொடுப்பது ஆபத்து. அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

பள்ளியின் பங்காக இரண்டு செய்கிறோம். ஐந்தாம் வகுப்புவரை வீட்டுப்பாடம் அரை மணி நேரத்தில் முடியும் அளவுக்குத்தான் இருக்கும். வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் மாலை ஆறு மணிக்குப் பிறகு ஆசிரியர்கள் எதுவும் அனுப்ப மாட்டார்கள். அதை மீறி வீட்டுப்பாடம் வந்தால் என்னிடம் நேரில் சொல்லுங்கள்.

கடிதத்தின் அடியில் ஒரு சீட்டு இருக்கிறது. பிள்ளை இரவில் தூங்கும் நேரம், காலையில் எழும் நேரம் இரண்டையும் ஒரு வாரம் குறித்து, அடுத்த திங்கட்கிழமை வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். யாரையும் குறை சொல்ல மாட்டோம். எழுதச் சிரமமாக இருப்பவர்கள் பிள்ளையை விட வரும்போது வாயால் சொன்னால் போதும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
கடலூர்