லிம்ப் பண்றதை நிறுத்து மாப்ளே

மாப்ளே,

பதில் போட மூணு வாரம் ஆயிடுச்சு, திட்டிக்கோ. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல நிம்மதி. திண்ணை ரம்மி கோஷ்டி இன்னும் பழைய கணக்கையே தீர்க்கலையாம்!

நீ போக்கர் ஆடி எழுதி அனுப்பின 40 கையையும் படிச்சேன். ஃப்ளாப்புக்கு, அதான் நடுவுல முதல் மூணு பொதுச் சீட்டு விழறதுக்கு, அப்புறம் நல்லாத்தான் ஆடறே. காசு போறது அதுக்கு முன்னாடியே. 14 கையில தொகையை ஏத்தாம, வெறும் பெரிய பிளைண்டை (சீட்டு வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு பேர் போடற கட்டாயப் பணத்துல பெரிசு) மட்டும் கட்டி உள்ளே நுழைஞ்சிருக்கே; அதுதான் லிம்ப். ஏஸ் ஜோடியைக்கூட!

ஏஸ் ஜோடி ஒரே ஒருத்தன் எதிர்ல 100-க்கு 85 தடவை ஜெயிக்கும். நாலு பேரை மலிவா உள்ளே விட்டா, அதே ஜோடி 56-க்கு இறங்கிடும். கூட்டத்தைக் குறைக்கத்தான் ரெய்ஸ், அதாவது தொகையை ஏத்தறது. சின்ன பிளைண்ட் 10, பெரிசு 20-ன்னா 60 வை. முன்னாடி லிம்ப் பண்ணவன் ஒவ்வொருத்தனுக்கும் 20 சேர்த்துக்கோ. ரெண்டு பேர்னா 100. பிளைண்ட்ல உட்கார்ந்து ரெய்ஸ் பண்ணா இன்னொரு 20. ஏற்கெனவே ஒருத்தன் 60 வெச்சுட்டா, அவனுக்குப் பின்னாடி பேசுற இடத்துல 180, பிளைண்ட்லேர்ந்து 240.

இன்னொண்ணு. நல்ல கைக்கு 140, 8-7 சூட்டட் (ரெண்டும் ஒரே இனம்) வந்தா 50-ன்னு வைக்கறே. நாலு ரவுண்டு பார்த்தவன் உன் சீட்டைத் திருப்பாமலே படிச்சிடுவான். கை எதுவானாலும் தொகை ஒண்ணாவே இருக்கட்டும்.

ஒன்பது பேர் டேபிள்ல முதல் ஆளா பேசறப்போ கிங்-ஜாக் ஆஃப்சூட்டை (ரெண்டும் வேற வேற இனம்) தூக்கிப் போடுடா. பார்க்க அழகா இருக்கும். ஆனா உனக்குப் பின்னாடி எட்டு பேர். அத்தனை பேரையும் மீறி ரெய்ஸுக்கு நிக்கறவன்கிட்ட ஏஸ்-கிங், கிங்-குவீன், ஏஸ்-ஜாக்னு உன்னை அமுக்கற கைதான் நிறைய இருக்கும். கிங் விழுந்தாலும் உன் கிக்கர் (ஜோடிக்குத் துணையா நிக்கற சீட்டு) தோக்கும். அதே கை பட்டன்ல (ஃப்ளாப்புக்கு அப்புறம் கடைசியா பேசற இடம்) வந்து, முன்னாடி எல்லாரும் ஃபோல்டுன்னு சீட்டைப் போட்டுட்டா தாராளமா ரெய்ஸ் பண்ணு.

சின்ன ஜோடி, 2-2லேர்ந்து 6-6 வரைக்கும், ஃப்ளாப்புல செட் (அதே சீட்டு மூணு) ஆகறது எட்டரை தடவைக்கு ஒண்ணு. கட்டற தொகையைப் போல 15, 20 மடங்கு எதிராளிகிட்ட மிச்சம் இருந்தாத்தான் கால் பண்ணு, அதாவது அவன் வெச்சதுக்குச் சமமா கட்டு. 200 மட்டும் வெச்சிருக்கிறவன் 60 வெச்சதுக்கு 3-3ஓட நீ கால் பண்ணது மகா தப்பு.

பெரிய பிளைண்ட்ல மட்டும் கொஞ்சம் தாராளமா இரு. 50 ரெய்ஸ் வந்து சின்ன பிளைண்டும் போயிட்டா, நடுவுல இருக்கிற 80-க்கு நீ இன்னும் 30 கட்டணும்; 27 சதவீதம் ஜெயிச்சாலே கட்டுபடி.

அடுத்த 40 கையை அனுப்பறப்போ எந்த இடத்துல உட்கார்ந்தே, எதிராளிகிட்ட எவ்வளவு இருந்ததுன்னு பக்கத்துலயே எழுது. அது இல்லாம ஒண்ணும் சொல்ல முடியாது.

உன்
மச்சான்