அண்ணனுக்கு, 140 லிட்டர் டேங்கு மாட்டிய பிறகு

அண்ணே,

போன வெள்ளிக்கிழமை நம் ஹைலக்ஸ் வண்டிக்குப் பெரிய டீசல் டேங்கு மாட்டிவிட்டேன். 140 லிட்டர். கழற்றிய பழைய 80 லிட்டர் டேங்கு இப்போது ஷெட்டில் இருக்கிறது, அந்த இரண்டு டீசல் கேன்களுக்குப் பக்கத்தில்.

கேன்களைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மூன்று முறை உங்கள் நம்பரை எடுத்துவிட்டுப் போனைக் கீழே வைத்துவிட்டேன். இங்கே எழுதினால் ஊரில் எல்லாரும் படிப்பார்கள், அண்ணியும் படிப்பார்கள். தெரிந்தேதான் எழுதுகிறேன். நான் டீசல் போட மறந்து நடுவழியில் நின்றோம் என்று கல்யாண வீடுகளில் ஆறு வருஷமாக ஓடுகிற கதை இது. அதைத் தனியாகப் போனில் திருத்தினால் போதாது. வண்டியில் உங்கள் பங்கு, அந்தப் பணம், அதெல்லாம் இங்கே வராது. அது நமக்குள் இருக்கட்டும்.

2019 ஜூலை. அடிலெய்டிலிருந்து பெர்த்துக்கு நீங்கள் வீடு மாறிய பயணம். மாநில எல்லையில், பார்டர் வில்லேஜ் சோதனைச் சாவடியில் உங்கள் கறிவேப்பிலைச் செடியை வாங்கிக்கொண்டார்கள். அந்த அதிகாரி மரியாதையாகத்தான் சொன்னார், மண்ணோடு செடி மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் போகக்கூடாது என்று. நீங்கள் ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்துவிட்டுத் தொட்டியை நீட்டினீர்கள். அப்புறம் யூக்லா, மண்ட்ரபில்லா, மதூரா, காக்கிள்பிடி என்று 350 கிலோமீட்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் உங்கள் வீட்டுச் சாமானெல்லாம் ஏற்றிய ட்ரெய்லர், எதிரே மேற்குக் காற்று. 100 கிலோமீட்டருக்கு 16 லிட்டர் குடித்தது வண்டி. அடுத்து டீசல் கிடைக்கிற கேகூனா வரும்போது கால் டேங்கு.

"நிறுத்தாதே, பல்லடோனியாவில் போட்டுக்கலாம்" என்றீர்கள்.

பல்லடோனியாவுக்கு 182 கிலோமீட்டர், அண்ணே. இருந்தது ஏறக்குறைய 20 லிட்டர். கணக்கு எனக்குத் தெரியும். பம்பின் வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிறது, என் கால் பிரேக்கின் மேல் இருக்கிறது. நான் நிறுத்தவில்லை. நீங்கள் சொன்னதால் நிறுத்தவில்லை என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை. நின்றால் நிற்கட்டும், அப்போதாவது பெரிய டேங்கு வேண்டும் என்று நான் ஏன் கெஞ்சினேன் என்பது உங்களுக்குப் புரியட்டும் என்று நினைத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. ட்ரெய்லரில் கேனுக்கு இடம் இருந்தது. அம்மாவின் கிரைண்டர் ஒரு மூலையில்தான் நின்றது. "80 லிட்டர் போதும்டா, வேணும்னா ரெண்டு கேன் வாங்கி வை" என்று நீங்கள் சொன்ன கோபத்தில், வாங்கி வைத்த அந்த இரண்டு கேன்களையும் நானே ஷெட்டில் இறக்கிவிட்டு, கிரைண்டருக்கு இடம் போதவில்லை என்று பொய் சொன்னேன். அம்மாவின் பொருளைச் சாக்கு வைத்துச் சொன்னேன். இதை இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை.

கேகூனா தாண்டி 128-வது கிலோமீட்டரில் வண்டி நின்றது. 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாத ரோடு அது. போனில் ஒரு கோடு சிக்னல் இல்லை. இருந்த ஒரே போர்வையை என்மேல் போட்டுவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினீர்கள். ட்ரெய்லரின் வால் ரோட்டு ஓரத்துக்கு மிக நெருக்கமாக நின்றது. வருகிறவன் கண்ணில் படாவிட்டால் எல்லாம் முடிந்தது என்றீர்கள். பல ட்ரெய்லர்களை இழுத்துப் போகிற, 30 மீட்டருக்கு மேல் நீளமான ரோடு ட்ரெயின் லாரிகள் அந்த வேகத்தில் சட்டென்று நிற்காது. ஒவ்வொன்று போகும்போதும் வண்டியே ஆடியது. கண்ணாடியில் பார்த்தேன். தூரத்தில் வெளிச்சம் தெரிந்ததும் டார்ச்சை மேலும் கீழும் ஆட்டுவீர்கள், போனதும் கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொள்வீர்கள். இரண்டு மணி நேரம் அந்தக் குளிரில். நான் உள்ளே போர்வைக்குள் உட்கார்ந்திருந்தேன். கேன்கள் 1,700 கிலோமீட்டர் பின்னால், அடிலெய்டு ஷெட்டில்.

லேண்ட்குரூசரில் வந்த பெரியவர் நிறுத்தி, தன் கேனிலிருந்து 20 லிட்டர் ஊற்றினார். கேன் எதுவும் எடுத்து வரவில்லையா என்று உங்களைக் கேட்டார். நீங்கள் என்னைக் காட்டி, "அம்மாவின் கிரைண்டருக்கு இடம் வேண்டும் என்று என் தம்பி இறக்கிவைத்துவிட்டான்" என்று அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னீர்கள். அதைப் பெருமையாகச் சொன்னீர்கள், அண்ணே. அவர் காசு வாங்க மாட்டேன் என்றதும் அண்ணி கட்டிக்கொடுத்த முறுக்கு டப்பாவை அப்படியே கொடுத்துவிட்டீர்கள். அப்புறம் பானெட்டைத் திறந்து, டீசல் ஃபில்டர் தலையில் இருக்கிற கைப்பம்பை விரல் விறைக்க விறைக்க அமுக்கி, டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றினீர்கள். நான் டார்ச் பிடித்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

அதற்காக எல்லாப் பழியையும் நானே சுமக்கப் போவதில்லை. "தம்பி டீசல் போட மறந்துட்டான், ரெண்டு பேரும் செத்திருப்போம்" என்று நீங்கள் சொல்லிச் சொல்லி, சித்தப்பா வீட்டுச் சின்னப் பிள்ளைகள்கூட என்னைப் பார்த்ததும் டீசல் போட்டாச்சா என்று கேட்கிறார்கள். நான் மறக்கவில்லை. நிறுத்தாதே என்று சொன்னது நீங்கள். அந்த ஒரு வரியை ஒரு தடவைகூட நீங்கள் கதையில் சேர்த்ததில்லை. அம்மா திதிக்குப் போன் செய்தபோது 40 வினாடி பேசினீர்கள். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

சரி. டேங்கைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். பழையது இருந்த இடத்திலேயே தொங்குகிறது. கூடுதல் 60 லிட்டர் என்றால் 50 கிலோ, அதைச் சுமையில் கழித்துக்கொள்ள வேண்டும். உள்ளே டீசல் அலம்பாமல் இருக்கத் தடுப்புத் தகடுகள் உண்டு. டீசல் அளவைக் காட்டுகிற பழைய மிதவையையே மாட்டியிருப்பதால் மீட்டர் முள்ளை நம்ப முடியவில்லை. முதல் 200 கிலோமீட்டர் ஃபுல்லிலேயே நிற்கிறது, அப்புறம் மடமடவென்று இறங்குகிறது. ட்ரிப் மீட்டரை வைத்துத்தான் ஓட்டுகிறேன். ட்ரெய்லர் இல்லாமல் 100-க்கு 11 லிட்டர் என்றால் 1,250 கிலோமீட்டர் வரை வரும். அந்த வெட்டவெளிக்கு இந்தப் பக்கம் இருக்கிற செடூனாவில் நிரப்பினால் அந்தப் பக்கம் நார்ஸ்மன் வரை போகலாம். கேன்களில் தூக்கிக்கொண்டு திரிந்தால் கசிவு, நாற்றம், வெயிலில் உப்பல். டேங்குதான் சரி. அன்றும் அதுதான் சரி. நான் செய்த காரியம்தான் சரியில்லை.

செப்டம்பர் இரண்டாவது வாரம் பெர்த்துக்கு வருகிறேன். வரவேண்டாம் என்றால் அண்ணியிடம் சொல்லி அனுப்புங்கள், செடூனாவிலிருந்து திரும்பிவிடுவேன். கேகூனாவில் நிறுத்துவேன், முள் எங்கே நின்றாலும். இரண்டு கேன்களையும் ஏற்றி வருகிறேன். செடி கொண்டுவர முடியாது, அங்கேயே நர்சரியில் விசாரித்து வையுங்கள், சேர்ந்து போய் வாங்கலாம். கிரைண்டர் கல் தேய்ந்திருந்தால் சொல்லுங்கள், இங்கே கொத்தித் தர ஒருவர் இருக்கிறார், திரும்பும்போது எடுத்துக்கொண்டு வருகிறேன். இடம் இருக்கிறது.

தம்பி