ஹேய்ஸ் மேட்டில் ஆடிய இரண்டு பொம்மைகள்

என் அன்புத் தோழிக்கு,

இதை வாட்ஸப்பிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் அங்கே நீ ஒரு சிரிப்பு முகத்தை அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால் இங்கே, எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். சான் பிரான்சிஸ்கோ பக்கம் இருக்கும் நம் பெண்கள் சிலராவது இதைப் படித்துவிட்டு அடுத்த மே மாதம் கிளம்பினால் எனக்குச் சந்தோஷம்.

முதலில் நன்றி சொல்ல வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் ஆண்டுதோறும் நடக்கும் பே டு பிரேக்கர்ஸ் ஓட்டம் 12 கிலோமீட்டர். உன் வேகத்துக்கு நீ முன்கூட்டத்தில் நின்று ஓடி, நான் பாதி தூரம் வருவதற்குள் கடற்கரையில் உட்கார்ந்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் கடைசிக் கூட்டத்தில் என்னோடு வந்து நின்றாய். "மெடல் வீட்டில் நிறைய கிடக்கு, வா" என்று மட்டும் சொன்னாய். அதற்கு மேல் அதைப் பற்றி நாம் பேசவே இல்லை. ஆனால் அந்த நாள் முழுக்க அதுதான் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் உன் வேஷ யோசனை! இந்த ஓட்டத்துக்கு நிறையப் பேர் ஏதாவது வேஷத்தில்தான் வருவார்கள் என்று தெரியும். நாம் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையாகப் போவோம் என்று உனக்குத்தான் தோன்றியது. ஹூலா ஹூப் வளையத்தைப் பாவாடையின் அடியில் கோத்து, இடுப்பில் நாடாக்களால் தொங்கவிட்டு, அட்டையில் நெற்றிச்சுட்டி வெட்டி, ஜரிகைத்தாள் ஒட்டி, காதில் பெரிய ஜிமிக்கி. பாவாடைக்கு உள்ளே யார் கண்ணிலும் படாமல் எலுமிச்சை சாதப் பொட்டலத்துக்கு ஒரு துணிப்பை. அதைத் தைத்த உன் கைக்கு ஒரு தங்க வளையல் போட வேண்டும்.

காலை எட்டு மணிக்கு ஹாவர்ட் தெருவில் அந்தக் கூட்டத்தைப் பார்த்தபோது நம் ஊர்த் திருவிழாவில் தேர் கிளம்பும் நேரம்தான் ஞாபகம் வந்தது. பக்கத்தில் வாழைப்பழங்கள், சுறாமீன்கள், கல்யாணக் கவுன் போட்ட தாடிக்காரர், உடையே இல்லாமல் நிற்கும் நாலைந்து பெரியவர்கள். அவர்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலைக்கு மேல் டார்ட்டியா ரொட்டிகள் பறந்தன. அது அங்கே பழைய வழக்கமாம். இருந்தாலும் சாப்பிடும் பொருளை எறிந்து விளையாடுவது எனக்குப் பிடிக்கவில்லை. அதை மட்டும் விட்டுவிட்டால் குறையே இல்லாத காலை அது.

வீட்டுக்கு வந்தபிறகு இந்த ஓட்டத்தின் கதையைத் தேடிப் படித்தேன், உனக்குப் பிடிக்கும். 1906 பூகம்பத்திலும் தீயிலும் நொறுங்கிப்போன ஊர், மறுபடி எழுந்து நிற்கும் உற்சாகத்தில் 1912 ஜனவரி 1 அன்று இதை முதல்முறை நடத்தியது. ஒரு பக்கத்துக் கரையிலிருந்து மறுபக்கத்துக் கடல் வரை, ஊரை முழுசாகக் குறுக்கே கடக்கும் ஓட்டம். பெண்களுக்கு அனுமதி இல்லை. 1940-ல் பாபி பர்க் என்ற பெண் ஆண் வேஷத்தில் நுழைந்து ஓடியிருக்கிறார். முறையான அனுமதி 1971-ல்தான் வந்தது. இன்றைக்கு விளையாட்டாகப் போடுகிற வேஷத்தை, ஓட இடம் கிடைப்பதற்காக அன்று ஒரு பெண் போட வேண்டியிருந்தது. அதைப் படித்தபோது நெஞ்சு கொஞ்சம் கனத்தது. நம்மைப் போன்றவர்கள் பாவாடை வளையத்தோடு நடுரோட்டில் ஆடியதை அவர் பார்த்திருக்க வேண்டும்.

நடுரோட்டில் ஆடியதைச் சொன்னால் ஹேய்ஸ் மேட்டைத்தான் சொல்ல வேண்டும். ஃபில்மோர் தெருவுக்கும் ஸ்டைனர் தெருவுக்கும் நடுவில் நூறு அடி நடந்தால் பதினோரு அடி ஏறுகிற சரிவு. 2009-ல் கென்யாவின் சம்மி கிட்வாரா இந்த மேட்டையும் சேர்த்து மொத்தத் தூரத்தையும் 33 நிமிடம் 31 வினாடியில் முடித்தவர். நாம் அந்த ஒரு தெருவில் எவ்வளவு நேரம் இருந்தோம்! நீ ஓரமாக நடந்துகொண்டு ஒரு கையால் என் வளையத்தைத் தூக்கிப் பிடித்தாய். மூச்சு வாங்கும்போதெல்லாம் "தலையை ஆட்டு, தலையை ஆட்டு" என்றாய். நானும் ஆட்டினேன். அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த ஒரு குட்டிப் பையன் "பாபிள்ஹெட்!" என்று கத்தினான். அவனுக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்? 1999-ல் பேஸ்பால் வீரர் வில்லி மேஸின் தலையாட்டும் பொம்மையை ரசிகர்களுக்குக் கொடுத்து, பேஸ்பால் மைதானங்களில் அந்தப் பித்தைக் கிளப்பிவிட்டதே இந்த ஊர் ஜயன்ட்ஸ் அணிதானே. காவிரிக்கரைக் களிமண் பொம்மையை அந்தப் பிள்ளை தன் ஊர்ப் பொம்மையாகவே பார்த்துக் கை தட்டியது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

மேட்டின் உச்சியில் யாரோ வீட்டு வாசலில் டிரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். நீ நின்றாய். கும்மி அடிக்க ஆரம்பித்தாய். நான் சேர்ந்துகொண்டேன். அப்புறம் ஒரு வாழைப்பழம், இரண்டு சுறாக்கள், தேனீ வேஷத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. பாட்டிக்கு இரண்டு சுற்றிலேயே குனிந்து தட்டும் கணக்குப் பிடிபட்டுவிட்டது. அந்தச் சுறாக்களுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. நம் பள்ளி ஆண்டுவிழாவுக்குப் பிறகு நான் கும்மி அடித்ததே இல்லை. அங்கே, ஊர் பேர் தெரியாதவர்களோடு, மேல்மூச்சு வாங்கிக்கொண்டு அடித்ததுபோல் அன்றுகூட அடித்ததில்லை.

அதற்குப் பிறகு கோல்டன் கேட் பூங்காவில் எல்லாம் இறக்கம்தான். கண்ணாடி மாளிகையில் பூக்கள், வேலிக்குப் பின்னால் காட்டெருமைகள், எதிர்த்திசையில் ஓடிவந்த சால்மன் மீன் வேஷக்காரர்கள். நிஜ சால்மன் ஆற்றை எதிர்த்து நீந்துவதுபோல் இவர்கள் கடலிலிருந்து ஊருக்குள் ஓடுகிறார்களாம்! கடைசியில் காற்றாலையைத் தாண்டியதும் பசிபிக் காற்று நம் பாவாடைகளைக் குடைபோல் விரித்துவிட்டது. முடிவுக் கோட்டைத் தாண்டும்போது நீ அரையடி பின்னால் நின்று என்னை முதலில் போகவிட்டாய். கவனித்தேன்.

மணலில் உட்கார்ந்து சாப்பிட்ட எலுமிச்சை சாதம் குளிர்ந்து போயிருந்தாலும் அமிர்தம். பிறகு கடலோரமாகவே நடந்து சூட்ரோ குளியல் மண்டப இடிபாடுகள் வரை போனோமே, அங்கேதான் கால் வலியே தெரிந்தது. 1896-ல் திறந்து 1966-ல் எரிந்துபோன இடம். கடல்நீர் நிறைத்த பெரிய பெரிய நீச்சல் குளங்களில் ஒரு காலத்தில் ஊரே குளித்திருக்கிறது. இப்போது சுவரின் அடிப்பாகம் மட்டும். நீ அந்தச் சுவரில் உட்கார்ந்துகொண்டு உன் அம்மாவின் உடம்பைப் பற்றி, வேலையை விடலாமா என்பதைப் பற்றி எல்லாம் சொன்னாய். எத்தனையோ மாதங்களாகப் போனில் பேசியும் வராத பேச்சு அது. அதை இங்கே எழுத மாட்டேன். ஆனால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு, நடுராத்திரி என்றாலும் சரி.

திரும்பும்போது என்-ஜூடா டிராமில் நம் வளையங்களுக்கு இடம்விட்டு எழுந்து நின்ற அந்தப் பையன்களுக்கும் ஒரு நன்றி.

சரி, அடுத்த ஆண்டு விஷயம். இதே ஓட்டத்துக்குள் 1978-ல் டேவிஸ் பல்கலைக்கழக ஓட்டக்காரர்கள் தொடங்கிவைத்த பூரான் போட்டி ஒன்று இருக்கிறது. 13 பேர் ஒருவரோடொருவர் இணைத்துக் கட்டிக்கொண்டு ஒரே உடம்பாக ஓட வேண்டும். மே மாதத்து மூன்றாவது ஞாயிறு, நாளைக் குறித்துவை. நானும் நீயும் இரண்டு பேர் ஆயிற்று. பாக்கிப் பதினோரு பேரை இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்களிலிருந்தே பிடிக்கலாம் என்று நினைக்கிறேன். தலையாக நீதான் முன்னால் ஓட வேண்டும், இந்த முறை உன் வேகத்துக்கு. என்ன வேஷம் என்று மட்டும் யோசித்துச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பொம்மைக் கூட்டாளி